வாளிக்குள் மூழ்கிய குழாய்



வழக்கமாக இப்பக்கத்தில் ஒற்றுப்பிழை, வாசிப்பு, தேர்வுக் கட்டுரை ஆகியவற்றைப் பற்றியே எழுதுவேன். இன்று தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழாசிரியருக்குக் குழாயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கும் இறுதியில் விடை சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுவா சூ காங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் தோட்டம் ஒன்று உண்டு. எந்தப் புளோக், எந்தக் குழு என்று சொல்லப் போவதில்லை. அது இங்குத் தேவையுமில்லை. சனிக்கிழமைகளில் என் மாணவர் சிலரை, பெற்றோரின் இசைவோடு, அங்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். முருங்கை, வெண்டை, கறிவேப்பிலை, தூதுவளை என்று பெயர்களைப் புத்தகத்தில் படிப்பதைவிட இலையைத் தொட்டுப் படிப்பது நன்று என்பது என் நம்பிக்கை.

அத்தோட்டத்தில் மேடை ஒன்றின் மேல் பெரிய நீலப் பீப்பாய் இருக்கும். அதில் மீன் அமிலம் கலந்திருப்பார்கள். தேக்கா சந்தையில் வாங்கி வந்த மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து, வடித்து, நீரில் கலந்து செடிகளுக்கு ஊற்றுவார்கள். செடிகள் செழிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்று தொண்டூழியர் ஒருவர் பீப்பாயை நிரப்ப ரப்பர்க் குழாயின் நுனியை உள்ளே மூழ்கவிட்டுக் குழாயைத் திறந்திருந்தார். பழுதுபார்ப்புக்காகத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. தண்ணீர் வரவில்லையே என்று அவர் குழாயை மூடாமலேயே தேநீர் அருந்தச் சென்றுவிட்டார்.

சேற்றில் விளையாடிய பிள்ளைகள் மேடைக்குக் கீழே, தாழ்வாக உள்ள கை கால் கழுவும் குழாயைத் திறந்தனர். தண்ணீர் வந்தது. நிறுத்தப்பட்ட தண்ணீர் எப்படி வரும் என்று நான் யோசிப்பதற்குள் ஒரு மாணவன் அதைக் கையில் ஏந்தி வாயைக் கொப்பளித்துவிட்டான். "ஆசிரியர், தண்ணி மீன் நாத்தம் அடிக்குது!" என்று கத்தினான். கையில் பழுப்பு நிறத் தண்ணீர்.

நல்ல வேளையாக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பீப்பாயில் இருந்தது மீன் அமிலம். பூச்சிமருந்தாக இருந்திருந்தால்? நாற்றமும் நிறமும் இல்லாத ஒன்றாக இருந்திருந்தால்?

நடந்தது என்ன? குழாய் நீர் எப்போதும் நம்மை நோக்கியே வரும் என்று எண்ணுகிறோம். அது உண்மையன்று. நீர், அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குப் போகும். அவ்வளவுதான் அது அறிந்த விதி. வழக்கமாகப் பொதுக் குழாயில் அழுத்தம் மிகுதி. ஆகவே நீர் வீட்டுக்குள் வருகிறது. சாலையில் பெருங்குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி அருகில் நீரை இழுத்தாலோ, பழுதுபார்க்கக் குழாயை வடித்தாலோ அந்த அழுத்தம் சட்டென்று விழும். அப்போது ரப்பர்க் குழாயின் நுனி எதில் மூழ்கிக் கிடக்கிறதோ அதை நீர்க்குழாய் உறிஞ்சிக்கொள்ளும். லாரி டேங்கிலிருந்து டீசலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே செயல்தான். வாய் மட்டும் இல்லை. நாம் குடிக்கும் குழாயே வாயாகிவிடுகிறது.

இதைப் 'பின்னோட்டம்' என்று சொல்லலாம். வலைப்பதிவு எழுதுவோர் 'பின்னூட்டம்' என்ற சொல்லை நன்கறிவோம். பின்னோட்டத்தைத்தான் அறியாமல் இருக்கிறோம்.

அடுத்த வாரம் தோட்டக்குழுவினரின் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். ரப்பர்க் குழாய் பொருத்தும் இடத்தில் பின்னோட்டத் தடுப்பான் ஒன்றைப் பூட்ட வேண்டும், அதுவரை பிள்ளைகள் அந்தக் குழாயில் வாய் வைக்கக் கூடாது என்றேன். எழுந்த மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் இவை அந்தக் கூட்டத்தில் மட்டும் ஒலிப்பவை அல்ல. உங்கள் வீட்டிலும் ஒலிக்கக்கூடியவை.

முதல் மறுப்பு: "இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் நடந்ததில்லையே."

நடந்தது, நம் கண்முன்னே, ஒரு பிள்ளையின் வாயில். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்பவர்கள் உண்மையில் சொல்வது 'யாரும் சாகவில்லை' என்பதைத்தான். இரண்டும் ஒன்றாகுமா?

தோட்டக் குழாயால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரிலுள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் காற்பந்து அணியினர் அடுத்தடுத்து மஞ்சள் காமாலையில் விழுந்தனர். ஆய்ந்து பார்த்தபோது 97 பேரில் 90 பேருக்குக் கல்லீரல் அழற்சித் தொற்று. இரண்டே ஆட்டங்களோடு அவ்வாண்டின் போட்டிகள் அனைத்தையும் அணி கைவிட நேர்ந்தது. காரணம் உணவன்று. பயிற்சித் திடலின் புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய்கள் தரைக்குக் கீழே சிறு குழிகளில் இருந்தன. அருகில் வசித்த, நோய்த்தொற்றுள்ள பிள்ளைகள் அங்கு விளையாடியதால் குழிநீர் மாசடைந்திருந்தது. நகரில் எழுந்த தீயை அணைக்கத் தீயணைப்பாளர்கள் நீரை இழுத்தபோது குழாயின் அழுத்தம் விழுந்தது. குழிநீர் குடிநீர்க் குழாய்க்குள் போயிற்று. விளையாடிக் களைத்த இளைஞர்கள் அதே திடலின் குழாயில் நீர் அருந்தினர். புல்லுக்கு நீர் விடும் குழாய், தடுப்பான் இல்லாத ஓர் இணைப்பு, 90 பேர்.

பெரிய குழாய்களிலும் இதே கதைதான். 2007ஆம் ஆண்டு நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் ஆலையில் இரண்டு குழாய்களுக்கிடையே இருந்த வால்வு திறக்கப்பட்டதால் சுமார் 450 கன மீட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. 8,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் தார் தொழிற்கூடம் ஒன்றின் வேதிப்பொருள் பின்னோட்டத்தால் குடிநீரில் கலந்திருக்கலாம் என்ற அச்சத்தில், குழாய் நீரைத் தொடவே வேண்டாம் என்று நகர மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. சுமார் நான்கு நாள் அந்நிலை நீடித்தது. அங்கெல்லாம் முந்தின நாள் வரை 'ஒன்றும் நடந்ததில்லை'.

இரண்டாம் மறுப்பு: "தண்ணீரைச் சுத்தமாகத் தருவது கழகத்தின் வேலை. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

பொதுப் பயனீட்டுக் கழகம் தன் வேலையைச் செய்கிறது. கிராஞ்சி, போயான், முராய், சாரிம்புன், தெங்கே ஆகிய மேற்கு நீர்த்தேக்கங்களின் நீர் நம் வட்டாரத்துச் சுவா சூ காங் நீர் ஆலையில் சுத்திகரிக்கப்படுகிறது. கொதிக்க வைக்காமலேயே குடிக்கத்தக்க நீர் உலகின் எத்தனை நகரங்களில் குழாயில் வருகிறது? ஆனால் ஆலையிலிருந்து புறப்பட்ட நீர் நம் வாயை அடைவதற்குள் அதைக் கெடுக்கக்கூடிய கடைசி இடம் நம் வீடு, நம் தோட்டம், நம் ரப்பர்க் குழாய். அங்கே கழகம் வந்து நிற்க முடியாது. வாசல் வரை அவர்கள் பொறுப்பு; வாசலுக்குப் பிறகு நாம். இதை ஏற்க மறுப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன், இனிப் படிப்பெல்லாம் ஆசிரியர் பொறுப்பு என்று கை கழுவும் பெற்றோரின் பேச்சைப் போன்றது. அந்தப் பேச்சை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம்.

விதி இல்லாமலும் இல்லை. பொதுப் பயனீட்டுச் சட்டத்தின் கீழ் நீர் விநியோக விதிகள் உள்ளன. நீர்க்குழாய்ப் பணிகளுக்கான செயல்முறை நெறியாக முன்பு சி.பி. 48 இருந்தது. 2018ஆம் ஆண்டு அதற்குப் பதிலாக எஸ்.எஸ். 636 வந்தது. குடிநீர்க் குழாயை வேறெந்த நீரோடும் இணைக்கக் கூடாது, பின்னோட்டத்துக்கு இடம் தரக் கூடாது என்பதே இவற்றின் சாரம். பழைய குழாய்த் தலையை மாற்றுவது போன்ற எளிய வேலையை நாமே செய்யலாம். புதிதாகக் குழாய் இழுப்பதென்றால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர்தான் செய்ய வேண்டும். அண்டை வீட்டு அண்ணன் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தோட்டத்துக்குக் கிளைக்குழாய் போட்டுக் கொடுப்பது அன்பின் அடையாளமாக இருக்கலாம். விதிக்கு அது மீறல்.

மூன்றாம் மறுப்பு: "சின்ன ரப்பர்க் குழாய்க்கு இவ்வளவு கெடுபிடியா? எல்லாம் செலவு வைக்கும் வேலை."

இந்த மறுப்பைச் சொன்னவர் என் நண்பர். அன்று முதல் அவர் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் என் விடை மாறாது.

தலைசிறந்த பின்னோட்டத் தடுப்பிற்கு ஒரு காசும் செலவில்லை. அதன் பெயர் காற்று இடைவெளி. குழாயின் நுனி நீர்மட்டத்தைத் தொடாமல், பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். குழாய் வாயின் விட்டத்தைப் போல இரு மடங்கு இடைவெளி என்பது பல நாடுகளில் வழங்கும் கணக்கு. இடையில் காற்று இருந்தால் குழாய் உறிஞ்சுவது காற்றைத்தான், அழுக்கை அன்று. சமையலறைத் தொட்டியில் குழாய் வாய் விளிம்புக்கு மேலே உயர்ந்து நிற்பதன் காரணம் பாத்திரம் கழுவும் வசதி மட்டுமன்று.

ஆனால் ரப்பர்க் குழாய் நழுவும், பிள்ளைகள் இழுப்பார்கள், நாம் மறப்போம். அதனால்தான் கருவி வேண்டும் என்கிறேன். ரப்பர்க் குழாய் பொருத்தும் குழாய்த் தலையில் திருகும் சிறு தடுப்பான், அழுத்தம் விழுந்தால் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும். குடும்பத்தோடு உணவங்காடியில் ஒரு வேளை உண்ணும் செலவுக்கு மேல் ஆகாது. இதைச் செலவு என்பவர்கள் அந்தப் பீப்பாய்க்கும் அலங்கார விளக்குக்கும் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை நான் அறிவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை வழங்கியது நினைவிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் பலரும் வீட்டிலேயே கீரையும் தக்காளியும் வளர்க்கத் தொடங்கினர். நல்ல பழக்கம். அதன் தொடர்ச்சியாக, இணையத்தில் வாங்கிய சொட்டுநீர்க் கருவியைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயோடு இணைத்து, நேரங்காட்டி வைத்து, ஊருக்குப் போய்வருபவர்கள் இன்று உண்டு. நானும் ஒன்று வாங்கினேன். பெட்டியில் இருந்த தாளில் பின்னோட்டம் பற்றி ஒரு வரியும் இல்லை. சொட்டுநீர்க் குழாயின் வாய் எந்நேரமும் மண்ணிலேயே கிடக்கிறது. அங்கே காற்று இடைவெளிக்கு வழியில்லை. தடுப்பான் கட்டாயம் வேண்டும். நீரோடு உரத்தையும் கலந்து அனுப்பும் புட்டியைச் சேர்த்திருந்தால் சொல்லவே வேண்டாம். உரப்புட்டிக்கும் உங்கள் குடிநீருக்கும் நடுவே நிற்பது அழுத்தம் ஒன்றே.

தோட்டமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். உங்கள் குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். நம் தமிழ் வீடுகளில் வாளி இல்லாத குளியலறை அரிது. வாளிக்குள் கைத்தெளிப்பான் மூழ்கிக் கிடக்கிறதா? துணி ஊறும் வாளிக்குள் குழாய் கிடக்கிறதா? அதுவும் இதுதான்.

நான்காம் மறுப்பு: "எங்கள் ஊரில் இதைவிட மோசம். நாங்கள் வளரவில்லையா?"

இதைச் சொன்னவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். அவர் சொன்ன செய்தி சரி. அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் தவறு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. வரும் ஓரிரு மணி நேரத்தில் குழாயில் நேராக மோட்டாரைப் பூட்டி இழுப்பவர்கள் உண்டு. சட்டப்படி அது குற்றம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அழுத்தமில்லாத குழாயில் மோட்டார் இழுக்கும்போது, விரிசல் விட்ட இடங்களின் வழியே சாக்கடை நீரும் உள்ளே வருகிறது. ஒருவர் வீட்டுத் தொட்டி நிறைகிறது. தெருவே வயிற்றுப்போக்கில் கிடக்கிறது. இது நமக்கு எச்சரிக்கையா, சான்றிதழா? அங்கே துன்பப்படும் மக்கள் நம்மைப் பார்த்து, இப்படியொரு நீர் எங்களுக்கு வராதா என்று ஏங்குகிறார்கள். நாமோ அவர்களுடைய துன்பத்தைக் காட்டி நம் சோம்பலை நியாயப்படுத்துகிறோம்.

இந்தத் தீவிலும் நீர் எளிதாகக் கிடைத்ததன்று. 1963ஆம் ஆண்டு வறட்சியில் நீர்ப் பங்கீடு வந்து, மாதக்கணக்கில் நீடித்து, 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முடிந்தது. பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்ற கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஜோகூரோடு 1962இல் செய்த நீர் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. 2003இல் புதுநீர் ஆலைகள் திறக்கப்பட்டன. கடல்நீரையும் குடிநீராக்குகிறோம். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் நீரைக் கடைசி ஓரடியில் மீன் கழிவோடு சேர்த்துவிடுவது மடமையன்றி வேறென்ன?

ஐந்தாம் மறுப்பு என்னை நோக்கி வந்தது: "நீங்கள் தமிழாசிரியர். இலக்கணத்தைப் பாருங்கள்."

இதற்குத்தான் இறுதியில் விடை சொல்வதாகச் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் பலருக்கு விதி தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. செயல்முறை நெறி, பொறியாளர்களுக்காகவும் குழாய்ப் பணியாளர்களுக்காகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அது பிழையன்று. ஆனால் தோட்டத்தில் நீர் ஊற்றும் பாட்டிக்கு அதை யார் சொல்வது? 'பின்னோட்டம்' என்ற சொல்லைத் தமிழில் அவர் ஒருமுறையேனும் கேட்டிருந்தால்தானே அதைப் பற்றி எண்ணுவார்? ஒரு பொருளுக்குத் தாய்மொழியில் பெயர் இல்லாதபோது அந்தப் பொருளைப் பற்றிய அச்சமும் அக்கறையும் வீட்டுக்குள் நுழைவதில்லை. மொழியை வாழும் மொழியாக வைத்திருப்போம் என்று ஆண்டுதோறும் மேடையில் முழங்குகிறோம். குழாயடியில் பயன்படாத மொழி எங்கே வாழப்போகிறது?

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வருவது வான்சிறப்பு அதிகாரம். அதைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஒப்புவித்தால் பரிசும் தருகிறோம். அதே பிள்ளை தோட்டத்தில் அழுக்கு நீரில் வாய் கொப்பளிக்கும்போது, இது என் பாடமன்று என்று ஒதுங்கிக்கொள்வதா? தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாள்களில், பாடம் பிள்ளையின் வாழ்க்கையைத் தொட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். எழுதியது தேர்வுக்காக மட்டுமா?

ஆசிரிய நண்பர்களே, இதை வகுப்பில் காட்டப் பத்து நிமிடம் போதும். இரண்டு குவளைகள், ஒரு தெளிவான குழாய். ஒரு குவளையில் மஞ்சள் கரைத்த நீரை ஊற்றி உயரமான இடத்தில் வையுங்கள். வெறுங்குவளையைத் தாழ்வாக வையுங்கள். குழாயை நல்ல நீரால் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் மூடி, ஒரு முனையை மஞ்சள் நீரில் மூழ்கவிட்டு மறுமுனையைக் கீழ்க்குவளையில் விடுங்கள். விரலை எடுத்ததும் முதலில் நல்ல நீர் வரும். பிறகு மஞ்சள் நீர் வரும். அடுத்து, மேல்முனையைச் சற்றே தூக்கி நீர்மட்டத்துக்கு மேலே பிடியுங்கள். காற்று நுழையும்; ஓட்டம் நிற்கும். காற்று இடைவெளி என்றால் என்ன என்று பிறகு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளே சொல்வார்கள். அதை ஐந்து வரியில் எழுதச் சொன்னால் அது அருமையான கட்டுரைப் பயிற்சி.

பெற்றோரே, இன்று மாலை வீட்டில் மூன்று காரியம் செய்யுங்கள். வாளிக்குள் கிடக்கும் குழாயை எடுத்துக் கொக்கியில் மாட்டுங்கள். ரப்பர்க் குழாயோ சொட்டுநீர்க் கருவியோ இருந்தால் தடுப்பான் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக் கேளுங்கள். தண்ணீர் நின்றுபோனால் திறந்த குழாயை உடனே மூடப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

அந்தத் தோட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நெடிய வாக்குவாதத்துக்குப் பின் தடுப்பான் பூட்டப்பட்டது. யார் பணம் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது; என் நண்பராக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்கிறேன். பீப்பாய் அதே இடத்தில்தான் இருக்கிறது. மீன் நாற்றமும் அப்படியே. ஆனால் சென்ற சனிக்கிழமை, அன்று வாய் கொப்பளித்த அதே மாணவன், பீப்பாய்க்குள் தொங்கிய ரப்பர்க் குழாயை யாரும் சொல்லாமலேயே எடுத்து விளிம்புக்கு மேலே கட்டிவைத்தான். "பின்னோட்டம் வந்துடும்" என்று தன் தங்கைக்கு விளக்கினான்.

அவன் அந்தச் சொல்லைச் சரியான ஒற்றோடும் எழுதுவான். தமிழாசிரியருக்குக் குழாயில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு இதுவே என் விடை.

அன்புடன்,
சுவா சூ காங்கிலிருந்து ஒரு தமிழாசிரியர்